படத்தின் மூலையில் ஒரு பெயர்

கல்லூரி ஆண்டு மலர், கோயில் திருவிழா மலர், வாரப் பத்திரிகை என எதைப் புரட்டினாலும் படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் 'நன்றி: இணையம்' என்று போட்டிருக்கிறார்கள். சிலர் 'நன்றி: கூகுள்' என்கிறார்கள். அந்தப் படத்தை எடுத்தது கூகுள் இல்லை. எங்கோ வெயிலில் காத்து நின்று யாரோ ஒருவர் எடுத்தது அது. எங்கே இருக்கிறது என்று கூகுள் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான். எடுத்தவர் பெயரைப் போடாமல் இணையத்துக்கு நன்றி சொல்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

டேனியல் மொரெல் என்ற புகைப்படக்காரருக்கு நடந்தது இந்தக் கோபத்துக்கு நல்ல சான்று. ஹெய்ட்டியின் தலைநகரான போர்ட்-ஓ-பிரின்ஸில் பிறந்தவர் அவர். 2010 ஜனவரி 12 அன்று மாலை அந்த நகரம் நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்தபோது அங்கேயே இருந்தார். கண்ணெதிரே கண்டதையெல்லாம் படம் எடுத்து, அன்று மாலையே ட்விட்டருடன் இணைந்த ட்விட்பிக் தளத்தில் ஏற்றினார். சிறிது நேரத்தில் வேறொருவர் அவற்றை நகலெடுத்துத் தன்னுடையவை போலத் தன் கணக்கில் போட்டுக்கொண்டார். பிரான்ஸின் ஏ.எஃப்.பி. செய்தி நிறுவனம் அந்தக் கணக்கிலிருந்து படங்களை எடுத்து, எடுத்தவர் என்று அந்த ஆளின் பெயரையே போட்டு அனுப்பியது. கெட்டி நிறுவனம் அவற்றை உலகம் முழுவதும் வினியோகித்தது. இடிபாடுகளுக்குள்ளிருந்து ஒரு பெண் வெளியே பார்க்கும் படம் பல நாளிதழ்களின் முதல் பக்கத்தில் வந்தது. பிறந்த ஊர் புழுதியாகிக் கிடந்த அந்த நேரத்தில் அவர் எடுத்த படங்கள் வேறொருவர் பெயரில் ஊரூராகப் போயின.

பிறகு ஏ.எஃப்.பி. பெயரைத் திருத்தியது, படங்களைத் திரும்பப் பெறவும் சொன்னது. ஆனாலும் தவறான பெயருடன் இருந்த பிரதிகள் தொடர்ந்து புழக்கத்தில் இருந்தன. இதில் எனக்கு இன்றுவரை பொறுக்காத விஷயம், முதலில் நீதிமன்றத்துக்குப் போனது மொரெல் இல்லை என்பதுதான். தாங்கள் உரிமையை மீறவில்லை என்று அறிவிக்கக் கோரி ஏ.எஃப்.பி.யே அவர் மீது நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தது. ட்விட்டரில் போட்டுவிட்டால் யாரும் எடுத்துக்கொள்ளலாம், தளத்தின் விதிமுறையே அதற்கு இடம் தருகிறது என்பது அவர்கள் வாதம். நீதிபதி அலிசன் நேதன் 2013 ஜனவரியில் அதை ஏற்க மறுத்தார். அந்தத் தளத்துக்குள் ஒரு பதிவைப் பகிர அனுமதிப்பது வேறு; படத்தை வெளியே எடுத்துப்போய் விற்பது வேறு. அதே ஆண்டு நவம்பரில் ஜூரி, எட்டுப் படங்களுக்காக மொரெலுக்குச் சுமார் 12 லட்சம் டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

நம் ஊர்ச் சட்டத்துக்கு வருவோம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் படம் எடுத்த அந்த நொடியே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்யத் தேவையில்லை, வட்டத்துக்குள் 'சி' போடவும் தேவையில்லை. 2012 திருத்தத்துக்குப் பிறகு, புகைப்படங்களுக்கும் அந்த உரிமை எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்த பிறகு இன்னொரு 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. மூலையில் இருக்கும் பெயரையோ வாட்டர்மார்க்கையோ தெரிந்தே வெட்டி எடுப்பதற்கு அந்தத் திருத்தம் தனியாகவே தண்டனை வைத்திருக்கிறது: இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதம். ஃபிளெக்ஸ் பேனருக்குப் படம் இறக்குபவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்?

கல்யாணப் படங்களின் கதை வேறு. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது நம் சட்டம். ஆகவே மணமக்களின் படத்தை ஸ்டுடியோக்காரர் தன் விளம்பரத்தில் போட வேண்டுமென்றால் அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

அதற்காக எல்லாவற்றுக்கும் பயப்பட வேண்டியதில்லை. சொந்த உபயோகம், ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி ஆகியவற்றுக்கு நியாயமான அளவில் பயன்படுத்தச் சட்டமே இடம் விட்டிருக்கிறது. அத்தைக்கு ஒரு மயில் படம் அனுப்புகிறவரை நான் குறை சொல்லவில்லை. துணிக்கடை விளம்பரம், யூடியூப் முகப்புப் படம், விலை போட்டு விற்கும் மலர் என்று வரும்போதுதான் கேள்வி எழுகிறது. அங்கே பெயரைப் போட்டுவிட்டால் போதும் என்று நினைப்பதும் சரியல்ல. பெயர் போடுவது மரியாதை, அனுமதி என்பது தனியாகக் கேட்டு வாங்க வேண்டியது.

கேட்காமலே எடுக்கக்கூடிய படங்களும் ஏராளம். விக்கிமீடியா காமன்ஸில் ஒவ்வொரு படத்தின் கீழும் உரிமம் எழுதியிருக்கும். பெயர் போட்டால் போதுமா, அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டுமா என்பதை அங்கேயே படித்துக்கொள்ளலாம். நாசா எடுத்த படங்களில் பெரும்பாலானவற்றுக்கு அமெரிக்காவில் பதிப்புரிமை கிடையாது, காரணம் அங்கே மத்திய அரசு ஊழியர்கள் பணியில் உருவாக்குவதற்கு அந்த உரிமையே இல்லை. அதை நினைத்துக்கொண்டு இஸ்ரோ படத்தில் கைவைக்கக் கூடாது. இந்தியாவில் அரசின் படைப்புக்கும் வெளியான பிறகு 60 ஆண்டு உரிமை உண்டு. இஸ்ரோ என்ன நிபந்தனை போட்டிருக்கிறது என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

பிடித்த படத்தைப் பத்துப் பேருக்குக் காட்ட விரும்பினால், அதை இறக்கி மறுபடி ஏற்றாமல், எடுத்தவரின் பதிவையே பகிருங்கள். பெயரும் கூடவே போகும். மொரெலின் படங்களுக்கு முதல் கேடு வந்தது அந்த இறக்கி ஏற்றிய இடத்தில்தான். அச்சுக்கு வேண்டுமென்றால், படத்தைக் கூகுள் லென்ஸில் கொடுத்துத் தேடினால் பெரும்பாலும் முதலில் போட்டவர் வரை போய்விடலாம். அவருக்கு நான்கு வரி எழுதினால் போதும்: எந்த இதழ், எத்தனை பிரதி, விலைக்கா இலவசமா, பெயர் எங்கே வரும், என்ன தர முடியும். எனக்குத் தெரிந்த புகைப்படக்காரர்கள் சிறு பத்திரிகையிடமும் பள்ளி மலரிடமும் காசு கேட்பதில்லை, ஒரு பிரதி அனுப்புங்கள் என்கிறார்கள். மலர்க் குழுவினர் அச்சகத்துக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பாகவே இந்தக் கடிதங்களை அனுப்பிவிட வேண்டும். பதில் வராத படத்துக்குப் பதிலாக, மாணவர்களில் ஒருவரையே கேமராவோடு அனுப்ப அப்போது நேரம் இருக்கும்.