பயத்தோடுதான் ஏற வேண்டும்

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியாவின் போயிங் 787 விமானம் புறப்பட்ட சில நொடிகளிலேயே விழுந்து நொறுங்கியது. உள்ளே இருந்த 242 பேரில் பிழைத்தவர் ஒருவர். தரையில் இருந்தவர்களையும் சேர்த்து இறந்தவர்கள் 260 பேர். அந்தக் காட்சிகளைப் பார்த்தபின் விமானப் பயணம் என்றாலே கை வியர்ப்பவர்களுக்கு நாம் சொல்லும் ஆறுதல் ஒன்றுதான்: சாலையில் சாகிறவர்கள்தான் அதிகம். உண்மைதான். 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குச் சொல்கிறது. ஆனால் அறியாமையால் வராத பயம் அறிவுரையால் போவதில்லை. பயம் தெளிந்த பிறகு ஏறலாம் என்பது, அலை ஓய்ந்த பிறகு கடலாடலாம் என்று காத்திருப்பதுதான். பயத்தோடே, படிப்படியாக, முறையான துணையோடு ஏறிப் பழகுவதே இதற்கு மருந்து. அதற்கு வழிசெய்து தரும் கடமை விமான நிறுவனங்களுக்கும் மருத்துவத் துறைக்கும் உண்டு.

விமானம் விழுந்துவிடும் என்பது மட்டுமே இவர்களின் அச்சம் அல்ல. கதவு மூடியதும் மூச்சு முட்டும், நெஞ்சு நின்றுவிடும், எல்லார் முன்னாலும் அலறிவிடுவோம் என்ற அச்சமும் சேர்ந்தே இருக்கிறது. டிக்கெட்டை ரத்துசெய்யும் ஒவ்வொரு முறையும் ஒரு நிம்மதி வருகிறது. ‘நல்லவேளை, தப்பித்தோம்’ என்று மனம் அதையே சான்றாக எடுத்துக்கொள்கிறது. அஞ்சியது நடக்குமா நடக்காதா என்று பார்க்க வாய்ப்பே கிடைப்பதில்லை. படபடப்பு எவ்வளவு ஏறினாலும் உடலால் அந்த உச்சத்திலேயே நெடுநேரம் நிற்க முடியாது, தானாக இறங்கும். ஓடிவிடாமல் உட்கார்ந்திருப்பவருக்கே அது தெரியவரும். பயத்தைச் சிறு படிகளாகப் பிரித்துப் பழக்கும் சிகிச்சைமுறையை ஜோசப் வோல்ப் 1958இலேயே விரிவாக எழுதினார். அமெரிக்க உளவியலாளர் பார்பரா ரோத்பாம் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், விமான நிலையத்துக்கே கூட்டிச்சென்று பழக்கப்பட்டவர்களும், மெய்நிகர் கருவியை மாட்டிப் பழக்கப்பட்டவர்களும், சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களைவிடத் தெளிவாக முன்னேறினார்கள்.

ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கிவிட்டால் ஆகாதா என்று கேட்கலாம். 1997இல் வெளியான ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. விமானப் பயம் உள்ள 28 பெண்களில் ஒரு பகுதியினருக்கு முதல் பயணத்தின்போது அல்பிரசோலாம் என்ற பதற்றத் தணிப்பு மாத்திரையும், மற்றவர்களுக்கு மருந்தில்லாப் போலி மாத்திரையும் தரப்பட்டன. மருந்து எடுத்தவர்கள் அன்று பயம் குறைந்ததாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து எல்லாரும் மருந்தின்றிப் பறந்தபோது, அவர்களில் 71 சதவீதம் பேருக்குப் பீதி தாக்கியது. போலி மாத்திரை எடுத்தவர்களில் அது 29 சதவீதம்தான். சிறிய ஆய்வுதான், ஆனால் அது காட்டும் திசை தெளிவு. மாத்திரை அந்த ஒரு பயணத்தைக் கடத்திவிடலாம். ‘என்னால் முடிந்தது’ என்ற பாடத்தை மனம் கற்கவிடுவதில்லை.

அப்படியானால் தகவலால் பயனே இல்லையா? உண்டு, இருக்கையில் அமர்ந்திருக்கும் நேரத்தில். விமானம் குலுங்கும்போது இறக்கை வளைவது பார்ப்பவரை நடுங்கவைக்கிறது. ஆனால் எதிர்பார்க்கக்கூடிய அதிகபட்சச் சுமையைப்போல் ஒன்றரை மடங்கைத் தாங்கும்படி இறக்கை வடிவமைக்கப்படுகிறது. 2010இல் நடந்த சோதனையில் 787இன் இறக்கை ஏறத்தாழ 25 அடி மேலே வளைந்தும் முறியவில்லை. 2001இல் எரிபொருள் கசிந்து தீர்ந்து இரண்டு இன்ஜின்களும் நின்றுபோன ஏர் டிரான்சாட் விமானம், சுமார் 19 நிமிடம் மிதந்துவந்து அசோர்ஸ் தீவுகளில் ஒன்றில் இறங்கியது; 306 பேரும் பிழைத்தார்கள். காற்றுக் கொந்தளிப்பில் ஆபத்தே இல்லை என்பதல்ல. 2024 மே மாதம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று அதில் சிக்கியதில் ஒருவர் இறந்தார், பலர் காயமுற்றார்கள். பயத்தைச் செயலாக மாற்றினால் அதற்குப் பெயர் சீட் பெல்ட்.

அகமதாபாத்துக்குப் பிறகு பயப்படுவதுதானே நியாயம் என்பது வலுவான மறுப்பு. முறையான விசாரணையையும் பொறுப்பேற்பையும் கேட்கும் அச்சம் நியாயமானது. அது ஓயவே கூடாது. ஆனால் வானத்துக்கு அஞ்சிச் சாலைக்கு ஓடுவதற்கும் விலை உண்டு. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் விமானத்தைத் தவிர்த்துக் காரில் சென்றதால், ஓராண்டில் அமெரிக்கச் சாலைகளில் கூடுதலாகச் சுமார் 1,500 பேர் இறந்திருப்பார்கள் என்று ஜெர்மன் உளவியலாளர் கெர்ட் கிகெரென்சர் மதிப்பிட்டார். ரயிலில் போகலாமே என்றால், சென்னையிலிருந்து டெல்லிக்குப் போகலாம். வளைகுடாவில் வேலை பார்ப்பவருக்கும், சிங்கப்பூரில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குப் போக வேண்டிய தாய்க்கும் அந்த வழி இல்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானிகளும் உளவியலாளர்களும் பல்லாண்டுகளாகப் பயிற்சி வகுப்பு நடத்தி, முடிவில் பயணிகளைப் பறக்கவும் வைக்கிறார்கள். நம் பெரிய விமான நிலையங்களிலும் அத்தகைய வகுப்புகள், கட்டுப்படியாகும் கட்டணத்தில், தமிழிலும் நடக்க வேண்டும். மாத்திரைச் சீட்டு எழுதும் மருத்துவர் இந்தப் பயிற்சிக்கும் பரிந்துரை எழுத வேண்டும். இந்தப் பயம் கோழைத்தனம் அல்ல, குணமாகக்கூடியது என்று குடும்பங்கள் ஏற்றுக்கொண்டால்தான், அஞ்சுபவர் உதவி கேட்டு வாய் திறப்பார்.