சட்டியில் இருந்தால்தானே!

“சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்” என்பது நம் பழமொழி. ஏ.டி.வி. எனப்படும் சிறு நாற்சக்கர வண்டி கிளம்ப மறுக்கும்போது இதனை நினைவிற் கொள்ளல் நன்று. பலர் உடனே பற்றரியைப் பழித்துப் புதியதொன்றை வாங்குவர்; சில நாட்களில் அதுவும் சோர்ந்துவிடும். பற்றரி மின்சாரத்தின் களஞ்சியமேயன்றி ஊற்று அன்று. பிரான்சிய அறிஞர் பிளாந்தே 1859இல் ஈய அமிலப் பற்றரியை ஆக்கிய நாள்தொட்டு அதன் இயல்பு இதுவே. செலவானதை ஓடும் எஞ்சினே மீள நிரப்புதல் வேண்டும்.

ஆதலின், வாங்குமுன் வோல்ற்றுமானியால் மும்முறை அளந்து பாருங்கள்.

முதலாவது, வண்டி ஓய்ந்திருக்கும்போது. நிறைந்த 12 வோல்ற்றுப் பற்றரி ஏறத்தாழ 12.6 காட்டும். குறைந்திருப்பின் முதலில் மின்னேற்றுக. அப்போது ஐதரசன் வாயு வெளிப்படுமாதலால் தீயை அணுகவிடலாகாது.

இரண்டாவது, எஞ்சினைத் தொடக்கும்போது. நிறைத்த பின்னரும் 10க்கு மிகக் கீழே வீழின் பற்றரி நலிந்ததெனலாம். வீழாமலும் எஞ்சின் சுழலாமலும் இருப்பின் உருகி, இணைப்புகள், நிறுத்தும் ஆளி ஆகியவற்றை நோக்குக. பிரேக்கைப் பிடித்தாலன்றித் தொடங்காத வண்டிகளும் உண்டு.

மூன்றாவது, எஞ்சின் சற்று விரைந்து ஓடும்போது. அளவு 13.5 முதல் 14.5 வரை உயர வேண்டும். உயராவிடின், மின் பிறப்பிக்கும் சுருளிலோ, சீராக்கியிலோ, கம்பிகளிலோ குறையுண்டு. 15ஐக் கடப்பின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் உறுப்பே பழுது. பற்றரி வெந்து கெடும்.

சட்டி வெறுமையாயிருக்க, அகப்பையை மாற்றி ஆவதென்ன?