குறியிடுவது மட்டும் அறிவியல் ஆகாது



எட்டாம் வகுப்பு மாணவர்கள் எழுதும் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வில் பாட அறிவுத் தாளின் 90 கேள்விகளில் 35 அறிவியலுக்கானவை; எல்லாமே நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவை. ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகைக்குத் தகுதியானவரைத் தெரிவு செய்ய அது போதும். வகுப்பறைத் தேர்வுக்குப் போதாது. ‘ஆவி சுருங்குதல்’ என்று குறியிடும் மாணவரால், ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்புறம் ஏன் நீர் முத்துகள் அரும்புகின்றன என்று சொல்ல முடிகிறதா? 2022 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய வானவில் மன்றம் திட்டம், 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குச் செய்முறையைக் கொண்டுவந்தது. வகுப்பறைத் தேர்வும் அவ்வழியில், காரணத்தை விளக்கச் சொல்வதாக அமைய வேண்டும்.

பிள்ளைகளுக்கு இன்னொரு சுமையா, திருத்த நேரமேது என்று சிலர் கேட்பார்கள். மாதம் இரண்டே ‘ஏன்’ கேள்விகள், மதிப்பெண் இல்லாமல் கேட்டால் போதும். யாரையும் தோற்கடிக்க அல்ல, எது புரியவில்லை என்று ஆசிரியர் அறியவே இது. பள்ளிக் கல்வித்துறை இதைப் பரிசீலிக்க வேண்டும்.

– ஒரு வாசகர், சேக்காடு, ஆவடி