திரைக்கும் தீக்கும் என்ன தொடர்பாம்?

எங்கள் பள்ளி மண்டபத்து மேடைக்குப் புதுத்திரை வாங்குவதென அண்மையில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் முடிவாயிற்று. நிறத்தைப் பேசினார்கள். சரிகைக் கரையைப் பேசினார்கள். விலையைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள். "இந்தத் துணி தீப்பற்றுமா?" என்று நான் கேட்டேன். "சார், திரை என்ன அடுப்பங்கரையிலா தொங்கப்போகிறது?" என்றார் ஒருவர். மண்டபமே சிரித்தது.

சிரித்தவர்களுக்காகவே இதனை எழுதுகிறேன்.

1903 டிசம்பர் 30. சிக்காகோ நகரின் இரோக்குவா நாடக அரங்கில் பள்ளி விடுமுறைக் கூட்டம். பிள்ளைகளும் தாய்மார்களுமே மிகுதி. மேடை விளக்கின் பொறி மெல்லிய துணித்திரை ஒன்றில் பற்றியது. மேடைக்கும் மக்களுக்கும் இடையே இறங்கியிருக்க வேண்டிய தீத்தடுப்புத் திரை பாதியில் சிக்கி நின்றது. கல்நார்த் திரை எனப் பேர்பெற்ற அதில் பெரும்பகுதி மரக்கூழே எனப் பின்னர் ஆய்வில் தெரிந்தது. மாண்டோர் 600 பேருக்கும் மேல்!

1911 மே 9, எடின்பரோ நகரின் எம்பயர் பேலஸ் அரங்கிலும் மேடையில் தீ மூண்டது. அங்கே திரை இறங்கியது. மேடைப்புறம் இருந்தவர்களில் சிலர் மாண்டனர். ஏறத்தாழ 3,000 பார்வையாளர்களோ உயிருடன் வெளியேறினர்.

நமது சிறு மண்டபத்திற்கு அத்தகைய தடுப்புத்திரை வேண்டுமென்று நான் கேட்கவில்லை. தொங்கவிடும் துணியாவது தீத்தடுப்புத் துணியாக இருக்கட்டும். பொறி பட்டால் அது கருகும், சுடரைப் பரப்பாது, பொறி விலகினால் அணைந்துவிடும். பிள்ளைகள் வாசலை அடைவதற்கு அந்தச் சில நிமிடங்கள் போதும்.

'மேடையில் தீ ஏது?' என்பவர்களே, எந்த விழாவைக் குத்துவிளக்கு ஏற்றாமல் தொடங்குகிறோம்? அதுவும் திரைக்குப் பக்கத்திலேயே! சூடேறும் விளக்குகளையும் ஒட்டுப்போட்ட மின்கம்பிகளையும் நான் சொல்லவே இல்லை.

இன்னொன்று. 'மருந்து போட்ட துணி' என்று கடைக்காரர் சொன்னால் நம்பிவிடுகிறோம். அம்மருந்துகளில் பல, உப்பு வகையைச் சேர்ந்தவை. தண்ணீரில் துவைத்தால் கரைந்துபோகும். நாமோ ஆண்டுதோறும் விழாவுக்கு முன்னே துவைத்து மாட்டுகிறோம்! இழையிலேயே தீத்தடுப்புத் தன்மையுள்ள துணியும் கிடைக்கிறது. விலை சற்றுக் கூடுதல்தான். சரிகையை விட்டுவிடலாமே? எதுவாயினும் சோதனைச் சான்றிதழைக் கையில் வாங்காமல் பணத்தைக் கொடுக்கக்கூடாது.

அடுத்த கூட்டத்திற்கு மாதிரித் துணித்துண்டைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் எல்லாரும் திடலுக்கு வாருங்கள். தீப்பெட்டி என்னுடையது.