டில்லியா, மதுரையா?

சென்ற மாதம் ஒரு நாள் காலை, அடுப்பில் ரசம் நுரைத்து வருகிற சமயம் பார்த்து மதுரையிலிருந்து டெலிபோன் வந்தது. பேசியவள் என் பெரியம்மா மகள்.

"பத்திரிகையில் உட்கார்ந்துகொண்டு ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறாயே, எனக்கு ஒரு யோசனை சொல்லேன்" என்று ஆரம்பித்தாள். ரசத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டேன்.

அக்காவின் பெண்ணுக்குப் பௌதிகம் படிக்க இரண்டு இடங்களில் அனுமதி கிடைத்திருந்தது. ஒன்று டில்லி மிராண்டா ஹவுஸ். மற்றொன்று மதுரை லேடி டோக் கல்லூரி. வேடிக்கையைப் பாருங்கள், இரண்டுமே 1948-ல் பிறந்த பெண்கள் கல்லூரிகள். ஒரே வயதுச் சகோதரிகள் என்றே சொல்லலாம். ஆனால் மத்திய அரசாங்கம் வெளியிடுகிற கல்லூரித் தரவரிசையில் 2017 முதல் 2023 வரை முதலிடத்தை விட்டுக் கொடுக்காமல் இருந்தது மிராண்டா ஹவுஸ். லேடி டோக்கோ, பாட்டி, தாய், மகள் என்று மதுரைப் பெண்களை வரிசையாகப் படிக்க வைத்துப் பெயர் வாங்கியது. டில்லிக்கு இரண்டு இரவுகள் ரயிலில் போகவேண்டும். லேடி டோக்குக்கு டவுன் பஸ் போதும்.

டில்லி சர்வகலாசாலையில் 2022 முதல் அகில இந்தியப் பொது நுழைவுத் தேர்வு மார்க்கை வைத்துத்தான் பட்டப் படிப்புக்கு இடம் ஒதுக்குகிறார்கள். இடம் ஒதுக்கினால், ஏற்றுக்கொள்கிறாயா இல்லையா என்று சொல்லச் சில நாட்கள்தாம் கெடு. புடவை வாங்கினால்கூட மாற்றிக்கொள்ள அதைவிட அதிக நாள் கொடுக்கிறார்கள்!

"அத்தான் என்ன சொல்கிறார்?" என்று கேட்டேன்.

"உங்கள் அத்தானா? படிக்கிற பிள்ளை எங்கே இருந்தாலும் படிக்கும், பெயருக்காக எதற்கு அவ்வளவு தூரம் என்கிறார். நியாயம்தானே?"

நியாயம்தான். பெரிய ஆராய்ச்சியாளர்களே அத்தான் பக்கம் இருக்கிறார்கள். ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள், 1976-ல் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களின் பிற்கால வருமானத்தை ஆராய்ந்து 2002-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே தரத்துக் கல்லூரிகளுக்கு மனுப் போட்டு, ஒரே மாதிரி இடமும் கிடைத்தவர்களாகப் பார்த்துப் பொறுக்கினார்கள். அவர்களில் பெரிய பெயருள்ள கல்லூரிக்குப் போனவர்களையும், அதை வேண்டாமென்று விட்டு அவ்வளவு பெயரில்லாத கல்லூரிக்குப் போனவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால், சம்பளத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை! கெட்டிக்காரத்தனம் கல்லூரி வாசலில் ஒட்டிக்கொள்வதில்லை, பிள்ளையோடு கூடவே வருகிறது என்று ஏற்பட்டது.

அத்தான் இதைப் படித்தால் சந்தோஷப்படுவார். ஆனால் கட்டுரையை முழுவதும் படிக்கவேண்டும் அல்லவா? வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய கல்லூரியால் வருமானம் கூடியது என்றும் அதிலேயே இருக்கிறது. பெற்றோர் அதிகம் படிக்காத வீட்டுப் பிள்ளைகளுக்கும் அப்படியே என்று பின்னால் எழுதிய கட்டுரையில் சொன்னார்கள். வழி சொல்லவும் சிபாரிசு செய்யவும் வீட்டில் ஆள் இருக்கிறவர்களுக்குக் கல்லூரி அதைத் தரவேண்டியதில்லை. இல்லாதவர்களுக்குக் கல்லூரிதான் தரவேண்டும். எங்கள் அக்கா பத்தாவதோடு நின்றவள். அத்தான் பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறார்.

இன்னொன்றும் உண்டு, பெண்ணைப் பெற்றவர்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டியது. அதே 1976-ஆம் வருஷத்துக் கூட்டத்தின் கணக்கை 2018-ல் வேறு மூவர் எடுத்து, பெண்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஆண்களிடம் காணாத வித்தியாசம் பெண்களிடம் இருந்தது. பெரிய கல்லூரியில் படித்த பெண்கள் அதிகம் சம்பாதித்தார்கள். சம்பள விகிதம் உயர்ந்ததால் அல்ல, வேலையை விடாமல் அதிகமாக உழைத்ததால். அவர்களில் கல்யாணம் செய்துகொண்டவர்கள் சற்றுக் குறைவு என்றும் ஒரு வரி இருந்தது. அந்த வரியை நான் டெலிபோனில் படித்துக் காட்டவில்லை.

அமெரிக்கக் கணக்கை அப்படியே மீனாட்சி அம்மன் கோயில் வீதிக்குக் கொண்டுவந்து இறக்க முடியாது என்பது வாஸ்தவம். உள்ளூர்க் கல்லூரியை மட்டமாக நினைக்கிறவளும் நான் இல்லை. நம் சென்னையில் ஏ. லலிதா என்று ஒருவர் இருந்தார். பதினைந்து வயதில் கல்யாணம். பதினெட்டில் கணவரை இழந்தார். கையில் நாலு மாதப் பெண் குழந்தை. அவருடைய தகப்பனார் கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் புரொபசர். அதே கல்லூரியில் பேசிச் சேர்த்துவிட்டார். 1943-ல் லலிதா எலக்ட்ரிகல் என்ஜினீயராக வெளியே வந்தார். இந்தியாவின் முதல் பெண் என்ஜினீயர்களில் ஒருவர். 1964-ல் நியூயார்க்கில் நடந்த பெண் விஞ்ஞானிகள், என்ஜினீயர்கள் மகாநாட்டுக்கும் போய் வந்தார். அவருக்குத் திறந்த கதவு பக்கத்தில்தான் இருந்தது. தூரத்துக் கல்லூரிதான் உசத்தி என்று யார் சொன்னாலும் நான் லலிதாவை நினைத்துக்கொள்வேன்.

ஆனால் அவர் கதையில் இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். படித்தபோது அவர் ஹாஸ்டலில் இருந்தார். குழந்தையைச் சகோதரர் வீட்டில் பார்த்துக்கொண்டார்கள். கல்லூரி பக்கத்தில் இருந்ததற்காக, வீட்டுக் காரியம் அத்தனையையும் அவர் தலையில் யாரும் கட்டவில்லை.

இதைச் சொன்னபோது அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தம்பியைக் கடன் வாங்கித்தானே கோரக்பூர் அனுப்பினோம்" என்றாள், தனக்குத் தானே சொல்வதுபோல. தம்பி என்றது அவள் மகனை. இரண்டு வருஷத்துக்கு முன் அவன் போனபோது, படிக்கிற பிள்ளை எங்கே இருந்தாலும் படிக்கும் என்று யாரும் சொன்னதாக ஞாபகம் இல்லை. ஸ்டேஷனில் மாலை போடாததுதான் பாக்கி!

அப்துல் கலாம் என்ஜினீயரிங் கல்லூரியில் சேரப் பணமில்லாமல் நின்றபோது, அவருடைய சகோதரி ஜொஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார் என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம்; கண் கலங்கியும் இருக்கிறோம். தங்கை படிப்பதற்காக அண்ணன் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்த கதை ஒன்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். சந்தோஷமாகப் பிரசுரிக்கிறோம்.

பயம் இருக்கிறதே, அது பொய்யில்லை. டில்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண்களுக்கும் அது உண்டு. கிரிஜா போர்க்கர் என்ற பொருளாதார நிபுணர் டில்லி சர்வகலாசாலையில் சுமார் 4,000 மாணவ மாணவிகளை விசாரித்தார். தாங்கள் வாங்கிய மார்க்குக்குக் கிடைக்கக்கூடிய மேலான கல்லூரியை விட்டு, போகிற வழியில் தொந்தரவு குறைவு என்பதற்காக மட்டமான கல்லூரியைத் தேர்ந்தெடுக்கப் பெண்கள் தயாராக இருந்தார்கள். பையன்கள் அந்த அளவுக்கு அதைப் பொருட்படுத்தவில்லை. ஆக, தூரம் என்பது கிலோமீட்டர் கணக்கு மட்டுமல்ல. ஐந்து கிலோமீட்டர் பஸ் பயணமும் ஒரு பெண்ணின் படிப்பை மாற்றிவிடலாம்.

ஹாஸ்டலிலும் சுகமில்லாமல் இல்லை. எல்லோருக்கும் இடம் கிடைக்காது. கிடைக்காதவர்கள் வெளியே அறை தேடவேண்டும். கிடைத்தவர்களுக்கோ இருட்டினால் கதவு சாத்திவிடும். 2015-ல் டில்லி மாணவிகள் 'பிஞ்ஜரா தோட்', அதாவது 'கூண்டை உடை' என்று ஓர் இயக்கமே ஆரம்பித்துக் கூச்சல் போட்டார்கள். நம் வீட்டுக் கூண்டை விட்டு அந்தக் கூண்டுக்குப் போக 2,000 கிலோமீட்டருக்கு மேல் ரயில் ஏறவேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். ஹாஸ்டல் உண்டா, எத்தனை மணிக்குள் திரும்பவேண்டும், லைப்ரரி இரவில் திறந்திருக்குமா என்று கல்லூரியிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

இவ்வளவும் பேசி முடித்து டெலிபோனை வைக்கப் போகிற சமயத்தில்தான் அசல் விஷயம் வெளியே வந்தது.

"அதெல்லாம் சரிதான்டி. அத்தைக்குச் சாயங்காலம் இன்சுலின் ஊசி போடுகிறவள் அவள்தானே?"

அத்தை என்றது அக்காவின் மாமியாரை. எண்பது வயது, சர்க்கரை வியாதி. காலை ஊசியும் மாலை ஊசியும் பேத்தி கையால்தான். மாத்திரை எடுத்து வைப்பது, கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது, கரண்டுக்குப் பணம் கட்டுவது, அத்தனையும் அவள்தான். அக்காவுக்கு ஊசியைக் கண்டால் கை நடுக்கம். அத்தானுக்கு மயக்கமே வந்துவிடும். தரவரிசை, செலவு, தூரம், குளிர் என்று நாலு நாளாக அந்த வீட்டில் பேசியிருக்கிறார்கள். இதை மட்டும் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. கேட்கும்போதே அக்கா அழ ஆரம்பித்துவிட்டதால் அடக்கிக்கொண்டேன்.

"அவள் மதுரையிலேயே படித்தாலும், ஆய்வுக்கூடம் முடிந்து வர மாலை ஆறு மணி ஆகாதா? அப்போது யார் போடுவார்கள்?" என்று மட்டும் கேட்டேன்.

அன்று இரவு அந்தப் பெண்ணே என்னைக் கூப்பிட்டாள். "சித்தி, அம்மாவிடம் என்ன சொன்னீர்கள்? அப்பா என்னை உட்கார வைத்து, உனக்கு எங்கே படிக்க ஆசை என்று கேட்டார். இத்தனை நாளில் இன்றைக்குத்தான் கேட்டார்" என்றாள்.

"நீ என்ன சொன்னாய்?"

"ஒரு நாள் டயம் கேட்டிருக்கிறேன், சித்தி. பாட்டியை நினைத்தால்தான்..." என்று இழுத்தாள்.

கெடு முடிகிற நாள் மாலையில் டில்லி இடத்தை ஏற்றுக்கொண்டு பணம் கட்டிவிட்டார்கள். திருக்குறள் எக்ஸ்பிரஸில் மூன்று டிக்கெட் போட்டிருக்கிறார்கள். இதை எழுதும்போது இரண்டு உறுதியாகிவிட்டது, ஒன்று வெயிட்டிங் லிஸ்டில் இருக்கிறது. ரஜாயை இங்கேயே வாங்குவதா, அங்கே வாங்குவதா என்று அக்கா தினம் இரண்டு தடவை டெலிபோன் செய்கிறாள். அத்தான் ஒரு சாத்துக்குடியைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் ஊசி குத்திப் பழகுகிறாராம். மூன்றாவது நாள் கண்ணைத் திறந்துகொண்டே குத்தினார் என்று பேத்தி சொன்னதைக் கேட்டுப் பாட்டிக்குச் சிரிப்பு அடங்கவில்லையாம்.