குடியிருக்க ஒரு மனை

மேலநீலிதநல்லூரிலிருந்தும் அதைச் சூழ்ந்த கரிசற் கிராமங்களிலிருந்தும் சங்கரன்கோவிலுக்கு வந்து, பொதிகை வண்டி ஏறி, மறுநாள் விடியலில் தாம்பரத்தில் இறங்கும் வாலிபர்கள் பலர். வானம் பார்த்த பூமி கைவிட்டபோது அவர்களைத் தாங்கியது பட்டணத்துப் புறநகர். முதலில் ஒண்டுக்குடித்தனம், பத்து வருஷம் கழித்துச் சீட்டுப் பணமும், மனைவியின் நகையை அடகு வைத்த பணமும், ஊரில் விற்ற ஒரு குறுக்க நிலத்தின் பணமும் சேர்ந்து கால் கிரவுண்டோ அரைக் கிரவுண்டோ ஒரு மனையாகின்றன. ஆயுட்கால உழைப்பெல்லாம் அந்த ஒரு பத்திரத்தில் அடங்கிவிடுகிறது. அப்பத்திரத்துக்கு நம் நாட்டில் உள்ள பாதுகாப்பு என்ன என்பதே இன்று நாம் ஆராயப் புகுந்த விஷயம்.

புறநகரில் குடியேறுவது இழிவென்று எண்ணுவோர் இன்னும் இருக்கின்றனர். அவ்வெண்ணம் பேதைமை. 1955-ஆம் வருஷத்தில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சமதர்ம முறையில் அமைந்த சமுதாயமே தேசத்தின் லட்சியம் என்று தீர்மானித்தது. அந்த ஆவடியும் அம்பத்தூரும் பெரம்பூரும் தொழிலாளர் கைகளால் எழுந்த ஊர்களே. ரயில் பெட்டியும் சைக்கிளும் டாங்கியும் செய்து தந்தவர்கள் தாம் குடியிருக்க ஒரு மனை கேட்பது சலுகையன்று, நியாயம்.

ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது என்ன? விளைநிலத்தில் கல் நட்டுக் கொடி கட்டி, அங்கீகாரம் எதுவுமின்றி மனைகளாக விற்ற தரகர்கள் தமிழ்நாடெங்கும் பெருகினர். சாலைக்கு அகலமில்லை, சாக்கடைக்கு வழியில்லை, பூங்காவுக்கு இடமில்லை. அத்தனையும் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிவாயின. 2016 செப்டம்பர் 9-ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் இத்தகைய மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தது. 2017-இல் சர்க்கார் வரன்முறை விதிகளை வெளியிட்டது. தடை நன்மைக்கே, அதில் ஐயமில்லை. ஆயினும் வரன்முறைக் கட்டணம் செலுத்த வரிசையில் நின்றவர்களுள் பலர் மனையை வாங்கிய ஏழைகள். விற்று லாபம் கண்டவன் விலகிக்கொள்ள, ஏமாந்தவன் தண்டம் கட்டுவது எந்த நீதியைச் சேர்ந்தது என்று கேட்கிறோம்.

பணநஷ்டத்தோடு முடிந்தாலும் பொறுக்கலாம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது தாம்பரத்தை அடுத்த முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் மூழ்கியதை யாரும் மறக்கவில்லை. ஆறு தன் பழைய வழியிற் சென்றது. அவ்வழியில் மனை போட்டு விற்றவர்கள் அங்கே குடியிருக்கவில்லை. வாங்கியவர்களே மொட்டை மாடியில் நின்றார்கள். ஏரி எது, ஓடை எது என்பது ஊரார் அறிந்த சங்கதி. தென்காசிச் சீமையிலிருந்து வந்தவன் அதை எவ்வாறு அறிவான்?

இங்கே ஓர் உண்மையை நம் ஜனங்கள் உணரவேண்டும். 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி பதிவாவது பத்திரமே, உரிமையன்று. பத்து லட்ச ரூபாய் மனைக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமுமாக 90,000 ரூபாய் பெற்றுக்கொள்ளும் சர்க்கார், அம்மனை வாங்கியவனுக்கே உரியது என்று உறுதி கூறுவதில்லை. தென் ஆஸ்திரேலியாவில் 1858-லேயே பதிவேட்டின் வாயிலாக அரசே உரிமைக்கு ஜவாப்தாரியாகும் முறை ஏற்பட்டது. நம்மவர் பால் வெட்டச் சென்ற மலேயாவிலும் அம்முறையே வழங்குகிறது. நாம் மட்டும் ஏன் பின்தங்க வேண்டும்?

அந்நாள் வரும்வரை வாங்குவோர் விழிப்பாயிருத்தல் அவசியம். தாய்ப்பத்திரத்தை மூலத்திலேயே பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஆனால் பதிவாகாத உயிலையும் நிலுவையிலுள்ள எல்லா வழக்குகளையும் வில்லங்கச் சான்று காட்டாது. பூர்வீகச் சொத்தாயின் பெண்மக்கள் கையெழுத்திட்டார்களா என்று விசாரிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1989 முதலே அவர்களுக்குச் சம பங்கு உண்டு. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை, 2016-ஆம் வருஷத்துச் சட்டப்படி, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதியாமல் விற்கலாகாது. அப்பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பத்து லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. நகையைக் கழற்றிக் கொடுத்தவள் பெயரிலேயே பத்திரம் இருப்பது முறையுமாகும்.

விதிகள் கடுமையானால் மனையின் விலை ஏறும், ஏழைக்கு எட்டாமற் போகும் என்று ஒரு சாரார் சொல்கின்றனர். இதில் சிறிது உண்மை உண்டு; மறுக்கவில்லை. அதற்குப் பரிகாரம் விதியைத் தளர்த்துவதன்று; நல்ல மனையை மலிவாக்குவதே. அது நடவாத காரியமுமன்று. 1977-இல் தொடங்கிய சென்னை நகர அபிவிருத்தித் திட்டத்தின்கீழ் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் சர்க்காரே நிலம் வாங்கி, சாலையும் குடிநீரும் கழிவுநீர் வசதியும் செய்து, சிறு சிறு மனைகளாக எளியவர்களுக்குத் தவணையில் கொடுத்தது. வீட்டை அவரவர் சக்திக்கேற்பக் கட்டிக்கொண்டார்கள். குடிசைவாசிகளைத் தொலைதூரத்து அடுக்குமாடிகளுக்கு வண்டியேற்றி அனுப்புவதைக் காட்டிலும் அது மேலான வழி என்பதே நமது துணிந்த அபிப்பிராயம்.

ஆகவே நாம் கோருவன மூன்று. தொழிற்பேட்டைகளை ஒட்டி, வசதி செய்த சிறு மனைகளைச் சர்க்கார் மறுபடியும் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பதிவு அலுவலகத்தின் வாசலிலும் அவ்வெல்லைக்குட்பட்ட ஏரி, ஓடை, புறம்போக்குகளின் வரைபடம் எல்லோரும் காணத் தொங்க வேண்டும். வரன்முறைச் செலவு முதலில் விற்றவனிடமிருந்து வசூலாக வேண்டும். தொழிலாளர் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும், வக்கீல் ஒருவரை அமர்த்திப் பத்திரம் பார்த்துக் கொடுக்கும் வேலையை இன்றே மேற்கொள்ளலாம். அதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.

மேலநீலிதநல்லூரில் மகன் அனுப்பிய மனைப் படத்தை அண்டை வீட்டாருக்குக் காட்டி மகிழும் தகப்பனாருக்கு, அந்த மண் மகனுடையதுதானா, மழைக்காலத்தில் நிற்குமா என்பவை தெரியா. தெரிந்தவர்கள் வாய் திறவாதிருப்பது பாவம். தடுக்கக் கூடியவர்கள் தடுக்காதிருப்பது அதனினும் பெரும் பாவம்.