பிறந்த அன்றே போடவேண்டிய ஊசி



நாகர்கோவில், திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து ரயிலிலும் பேருந்திலும் தம்பானூரில் வந்து இறங்குவோருள், ஸ்கேன் படங்கள் அடங்கிய உறையைக் கையில் ஏந்தியவர்களைப் பார்த்திருப்பீர்கள். மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1981-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் மண்டலப் புற்றுநோய் மையத்தை நாடி வருகிறவர்கள் அவர்கள். கல்லீரல் புற்றுநோய் கண்டவர்களும் அவர்களுள் உண்டு.

நோயாளியின் இரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்புச் செல்களைப் பிரித்து, புற்றை அடையாளங்காணப் பழக்கி, மீண்டும் உடலில் செலுத்தும் முறை குறித்து இப்போது அதிகமாய்ப் பேசப்படுகிறது. கல்லீரல் புற்றுநோயில் இம்முறை இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது. அதுவும் நோய் கண்டவர்களுக்கே. ஆரோக்கியமானவர்களுக்கு நோய் வராமல் தடுக்கும் ஊசி அன்று. ஆகவே இதை நம்பி நகையை அடகு வைக்குமுன், புற்றுநோய் மருத்துவரிடம் ஆலோசனை கேளுங்கள்.

ஆனால் கல்லீரல் புற்றுநோய் வராமல் தடுக்கும் ஊசி ஒன்று ஏற்கெனவே நம் அரசு மருத்துவமனைகளில் இலவசமாய்க் கிடைக்கிறது. அதுவே ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி. இந்த வைரஸ் பல ஆண்டுகள் ஈரலில் தங்கி, அதை அழற்சியுறச் செய்து, தழும்பாக்கி, முடிவில் புற்றுநோய்க்கு வழிவகுக்கிறது. தைவான் தேசத்தில் 1984-இல் குழந்தைகளுக்கு இவ்வூசி போடத் தொடங்கினர். பத்தே ஆண்டுகளில் அங்கே 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் கல்லீரல் புற்றுநோய் ஏறக்குறைய பாதியாய்க் குறைந்தது.

பிறக்கும்போதே தாயிடமிருந்து இவ்வைரஸைப் பெறும் குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அது நீங்காமல் தங்கிவிடுகிறது. ஆகையால்தான் முதல் ஊசியைப் பிறந்த 24 மணி நேரத்திற்குள் போடவேண்டும். பின்பு 6, 10, 14-ஆவது வாரங்களில் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசியோடு இதுவும் சேர்ந்து வருகிறது.

பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த குடும்பங்கள் தவறுவது இங்கேதான். பிரசவம் தாய்வீட்டில், குழந்தையோடு திரும்புவதோ மூன்றாம் மாதத்தில். இடையில் ஓர் ஊசி விடுபட்டுப் போகிறது. தடுப்பூசி அட்டையும் ஊரிலேயே தங்கிவிடுகிறது. சகோதரிகளே, அட்டையை மறவாமல் கொண்டுவாருங்கள். பென்டாவேலன்ட் ஊசியை இந்தியாவில் முதன்முதலாக 2011 டிசம்பரில் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமுமே. அங்கே விட்டதை இங்கே தொடரலாம்.

பெரியவர்களே, உங்களுக்கும் இரத்தப் பரிசோதனை அவசியம். தங்கும் அறைகளில் ஒருவர் சவரக் கத்தியை மற்றொருவர் பயன்படுத்தலாகாது. இரத்தத்தின் வழியாய் இது பரவும். ஒரே பந்தியில் உண்பதால் பரவாது. ஆகவே நோயுள்ளவரை ஒதுக்காதீர்கள். தொற்று இல்லாதவர்கள் மூன்று ஊசிகள் போட்டுக்கொள்ளலாம். தொற்று உள்ளவர்களுக்கு ஊசி பயன்படாது. ஆயினும் அதைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகள் உண்டு. 2018-இல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் திட்டத்தின்கீழ் அவை இலவசம்.

கீழாநெல்லி போதாதா என்பீர்கள். சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1988-இல் அது இவ்வைரஸை நீக்குவதாக நம்பிக்கையூட்டும் முடிவுகளை வெளியிட்டது உண்மையே. பிற்பாடு நடந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை.

இம்மாதம் உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகளை எடுத்துப் பாருங்கள். விடுபட்ட கட்டம் இருந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.